சிரித்துக்கொண்டே அடித்த பந்து

நேற்று சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸில், பாகாலாவில் ஒரு காலேஜ் பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது முழங்காலில் பட்டை சுற்றியிருந்தாள். பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது உள்ளேயிருந்து வலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் தைலத்தின் நெடி ஒரே வீச்சாக வந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். நெடியால் வந்த கண்ணீர் என்றே அவள் நினைத்திருக்கட்டும்.

என்ன விளையாட்டு என்று கேட்டேன். வாலிபால் என்றாள். நன்றாக ஆடுவாயா என்றேன். பாட்டிலை மூடிக்கொண்டே, "கோச் திட்டினா எனுக்குக் கையே ஓடாது ஆன்ட்டி. திட்டாம உட்டா நல்லா ஆடுவேன். அத அவரண்ட எப்பிடிச் சொல்றது?" என்றாள்.

நீங்கள் என்னை விட்டுப் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த நாலு வருஷத்தில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நான் சேர்த்து வைத்தவை எத்தனையோ உண்டு. ஆனால் நேற்று அந்தக் கேள்விக்கு என்னைவிட நீங்கள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் சார்பில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இறங்கும்வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் என்னால் அந்தப் பேச்சை நிறுத்த முடியவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்களை நான் முதலில் பார்த்தது சூளூர்பேட்டையில், ஒரு பொங்கல் பந்தயத்தில். நான் டீச்சர் ட்ரெயினிங் ஸ்கூல் லீவில் வந்திருந்தேன். எங்கள் அண்ணன் உங்கள் அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். நீங்கள் அடிக்கிறவர். அண்ணன் ஆடுவதைப் பார்க்க அப்பா, எங்கள் நைனா, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்றில் முதல் ஆட்டத்தில் நீங்கள் தோற்றீர்கள். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் போய் நின்றான். நீங்களோ, ஜெயித்த அணியின் ஆட்களோடு உட்கார்ந்து, அவர்கள் வாங்கிய வேர்க்கடலையைத் தின்றுகொண்டு, அவர்கள் உங்களை எப்படி ஏமாற்றினார்கள் என்று அவர்களிடமே கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நைனாவுக்கு அது பிடிக்கவில்லை. உன் சிநேகிதனுக்கு ரோஷமே கிடையாதா என்று அண்ணனைக் கேட்டார்.

"அவன் அப்பிடித்தான் நைனா. அவன் சிரிச்சிக்கினு கீறான்னா இன்னும் ஆட்டம் முடியலன்னு அர்த்தம்" என்றான் அண்ணன்.

அடுத்த இரண்டு ஆட்டங்களையும் நீங்கள் ஜெயித்தீர்கள். நீங்கள் எகிறுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மற்றவர்களெல்லாம் பந்தைப் பார்த்து எகிறினார்கள். நீங்கள் பந்து மேலே போய்க் களைத்து நிற்கும்வரை பொறுத்திருந்து, சாவகாசமாகப் போய் அதைச் சந்தித்தீர்கள். மேலே போனதும் ஒரு கணம் அங்கேயே நின்றீர்கள். எதிரில் தடுக்க வந்தவன் இறங்கிக்கொண்டிருப்பான். நீங்கள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பந்தை ஆளில்லாத இடத்தில் போட்டுவிட்டு வருவீர்கள். பலமாக அடிக்கிறவர் இல்லை நீங்கள். அடிக்கிற மாதிரி போய்த் தட்டிவிட்டு வருகிறவர்.

கல்யாணமான பிறகு ஒருநாள், எதற்காக இந்த ஆட்டத்தை இப்படி ஆடுகிறீர்கள் என்று கேட்டேன். கோப்பைக்கா, பேருக்கா, வேலைக்கா. நீங்கள் நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்: "மேல போயி ஒரு செகண்டு நிக்கிறேன் பாரு மே, அது நல்லாருக்குது. கீழ இருந்தா யாராச்சும் எதனா கேட்டுக்கினே இருப்பாங்க. மேல யாரும் கெடையாது."

ஊரில் உங்கள் அம்மா அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். கீழே உங்களைக் கேட்கிறவர்கள் நிறையப் பேர்தான்.

எழுபதுகளின் நடுவில், திருப்பதிக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையில் வாலிபால் அணி சேர்த்தார்கள். உங்களையும் அண்ணனையும் ஒரே நாளில் எடுத்தார்கள். டெம்பரரி வேலை. ஒரு வருஷம் ஆட்டம் பார்த்து, பிறகு பர்மனென்ட். வேலை கிடைத்துவிட்டது என்றதும் நைனா நம் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். வரதய்யபாளையம் சர்ச்சில் மணி அடித்து, கறிச்சோறு போட்டு முடிந்தது. திருப்பதியில், கொர்லகுண்டாவில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் மலை. மூலையில் உங்கள் கான்வாஸ் ஷூ, அலமாரியில் தைல பாட்டில். எனக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது. அந்த அறையில் முதல் இரண்டு மாதம் நாம் சிரித்தது போல யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அண்ணன் சாயங்காலம் சாப்பிட வருவான். நம் சத்தம் தாங்காமல் மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டுவார்.

பிறகு கோச் வந்தார்.

அவரைப் பற்றிக் கெட்டவிதமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பட்டாளத்தில் இருந்தவர். நேர்மையானவர். தன் கைக்காசில் ஆட்களுக்கு முட்டை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. 'பயம் உண்டாலி' என்பார் தெலுங்கில். பயம் இருக்க வேண்டும். பயம் இருக்கிறவன்தான் பந்தைக் கீழே விட மாட்டான். அதனால் தினமும் ஆட்டம் முடிந்ததும் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, யார் யாரை ஊருக்கு அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வார்.

அண்ணனுக்கு அது பாலும் பழமுமாக இருந்தது. அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பரீட்சைக்கு முந்தின நாள் நைனா நாலு வார்த்தை திட்டினால்தான் அவனுக்குப் படிப்பு ஏறும். கோச் திட்டத் திட்ட அவன் விரல்கள் நிலைக்கு வந்தன. பந்து அவன் கையை விட்டுப் போகும்போது சத்தமே கேட்காது. ஆட்ட நாளில் அவன் சாப்பிட மாட்டான், பேச மாட்டான், முகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பான். அந்த வருஷம் அவனைப் போலத் தூக்கிக் கொடுக்கிறவன் ஜில்லாவில் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

நீங்கள்தான் உள்ளுக்குள் ஒடுங்கிவிட்டீர்கள்.

முதலில் சிரிப்பு போயிற்று. ஆட்டத்தில் என்ன பல்லைக் காட்டுகிறாய் என்று கோச் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார். அதற்குப் பிறகு நீங்கள் வாயை இறுக்கிக்கொண்டு ஆடினீர்கள். அடுத்து அந்தப் பொறுமை போயிற்று. அண்ணன் கையிலிருந்து பந்து கிளம்பும்போதே நீங்களும் எகிறிவிடுவீர்கள். பந்து மேலே வந்து சேரும்போது நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். இறங்குகிற கையால் அடித்த பந்து நெட்டில் விழும். நெட்டில் விழுந்ததும் நீங்கள் பந்தைப் பார்க்க மாட்டீர்கள், கோச்சைப் பார்ப்பீர்கள். மில் மைதானத்தின் வேலியோரம் நின்று நான் இதைப் பார்த்திருக்கிறேன். ஸ்கூல் விட்டு வரும் வழி அதுதான்.

அண்ணன் உங்களுக்குப் புத்தி சொன்னான். சூளூர்பேட்டையில் நைனாவிடம் தான் சொன்னதை அவனே மறந்துவிட்டான். சீரியஸாக இரு, என்னைப் பார், ஆட்ட நாளில் வாய்க்குள் ஒன்றும் போடாதே, யாரிடமும் பேசாதே என்றான். நீங்கள் அதையும் செய்து பார்த்தீர்கள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். வேறு ஒருவன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. ஆட்டம் இன்னும் மோசமாயிற்று. அண்ணனுக்குக் கோபம். தான் நன்றாகத் தூக்கிக் கொடுக்கிற பந்தையெல்லாம் நீங்கள் வீணடிக்கிறீர்கள் என்று அவன் முகம் சொன்னது. சாயங்காலச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்த பிறகு, சர்ச் காம்பவுண்டில் கயிறு கட்டி, சபைக்காரர்கள் ஆடுவார்கள். போதகர் மனைவி ஐயரம்மாவின் தம்பி, ஆஸ்பத்திரி கம்பவுண்டர், தையல்காரர் என்று யார் யாரோ. அங்கே நீங்கள் பழையபடி எகிறினீர்கள். பழையபடி மேலே நின்றீர்கள். தையல்காரரைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பில் அவர் பந்தை விட்டுவிட்டு உட்கார்ந்தே விட்டார். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், இங்கே வருவது அங்கே ஏன் வரவில்லை என்று.

"இங்க தோத்தா யாரு இன்னா பண்ணப் போறாங்க? அங்க தோத்தா சோறு போயிடும் மே" என்றீர்கள்.

சோற்றை நினைத்துக்கொண்டே ஆடினால் பந்து எங்கிருந்து தெரியும்? ஆனால் நினைக்காதே என்று உங்களிடம் எப்படிச் சொல்வது? எனக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். அதே மூச்சில், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் பிள்ளையோடு எங்கே போவது என்றீர்கள்.

சித்தூர்ப் பந்தயம் வந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. பல ஊர் மில் அணிகள், ஆபீஸ் அணிகள் எல்லாம் வரும் பெரிய பந்தயம். கிளம்புவதற்கு முன்னால் கோச் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, சித்தூரில் சரியாக ஆடாவிட்டால் அங்கிருந்து நேராக உன் ஊர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றார். நீங்கள் அதைச் சாதாரணமாகச் சொல்வது போல என்னிடம் சொன்னீர்கள். சொல்லும்போது ஷூவின் கயிற்றைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். தனியாக இருக்க வேண்டாம் என்று என்னையும் கூட்டிப் போய், மிஷன் காம்பவுண்டில் இருந்த என் சித்தி வீட்டில் விட்டீர்கள்.

அண்ணன் கைவண்ணத்தில் எப்படியோ ஃபைனலுக்கு வந்துவிட்டீர்கள். நானும் சித்தியும் பார்க்க வந்தோம். பெண்களுக்கு என்று ஷாமியானாவின் ஓரத்தில் நாலைந்து பெஞ்சு போட்டிருந்தார்கள். எதிர் அணி வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த உயரமான ஆட்கள். முதல் ஆட்டத்தில் நீங்கள் அடித்த பந்தில் பாதி நெட்டில், மீதி அவர்கள் கையில். பந்து ஒவ்வொரு முறை விழும்போதும் நீங்கள் கோச் பக்கம் திரும்பினீர்கள். கடைசியில் கூட்டமும் உங்களோடு சேர்ந்து கோச் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். தோற்றீர்கள்.

என் இன்னொரு பக்கத்தில் மில் டைம் ஆபீஸ் கிளார்க்கின் மனைவி உட்கார்ந்திருந்தார். தெலுங்குக்காரர். திருப்பதியில் பழகிய முகம். பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா, பிள்ளை பிறப்பதற்குள் கிடைத்தால் நல்லதாயிற்றே என்று கேட்டார். குவார்ட்டர்ஸ் பர்மனென்ட் ஆனவர்களுக்குத்தானே என்றேன். ஆமாம், அதனால்தான் கேட்கிறேன் என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தன் கணவரைக் கூப்பிட்டார். அவர் முதலில் மழுப்பினார். நான் விடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். அணியில் எல்லாருக்கும் ஆர்டர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போதே கொடுத்தால் பையன்கள் கையைத் தளர்த்திவிடுவார்கள், சித்தூர் முடியட்டும் என்று கோச் கேட்டுக்கொண்டதால் ஆபீஸில் வைத்திருக்கிறார்கள்.

"கோச் நெனச்சா அதத் திருப்பி வாங்க முடியுமா?" என்று கேட்டேன்.

"அது ஆவாதும்மா. மேனேஜர் கையெழுத்து போட்டாச்சி. ஆனா நான் சொன்னேன்னு சொல்லிடாத."

அவரை நான் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் அங்கேயே உட்கார்ந்திருக்கவும் என்னால் முடியவில்லை. அந்தக் கூட்டத்தில், வயிறு தெரிய ஆரம்பித்திருந்த ஒரு பெண், ஆண்கள் நடுவே மைதானத்தைச் சுற்றிப் போவது என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. சித்தி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். கோச் அந்தச் சமயத்தில் நடுவரிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். நீங்கள் கயிற்றோரம் தனியாக உட்கார்ந்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எழுந்தீர்கள்.

"உங்க வேல பர்மனென்ட் ஆயி ரெண்டு மாசம் ஆவுதாம். ஆர்டர் ஆபீஸ்ல கீதாம். யாரும் உங்கள ஊருக்கு அனுப்ப முடியாதாம்" என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன்.

நீங்கள் நம்பவில்லை. யார் சொன்னது என்றீர்கள். தெரிந்தவர் சொன்னார், நெசம் என்றேன். சத்தியமா என்றீர்கள். சத்தியம் பண்ணக் கூடாது என்று வளர்ந்தவள் நான். அன்றைக்குப் பண்ணினேன். உங்கள் முகத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நீங்கள் துடைக்கவில்லை. தோள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். எத்தனை மாதமாக அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்களோ. பிறகு கேட்டீர்கள், பசிக்கிறது, ஏதாவது வைத்திருக்கிறாயா என்று. சித்தி மடியில் கட்டிக்கொண்டு வந்த முறுக்கை வாங்கி வந்து கொடுத்தேன். அதைக் கடித்துக்கொண்டே உள்ளே போனீர்கள்.

இரண்டாவது ஆட்டத்தைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. முதல் பந்து அண்ணன் கையிலிருந்து கிளம்பியபோது நீங்கள் அசையவே இல்லை. பந்து போகட்டும் என்று விட்டீர்கள். அது உச்சிக்குப் போய்க் களைத்த பிறகு போனீர்கள். மேலே நின்றீர்கள். தடுக்க வந்த உயரமான ஆளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள். பந்தை அவன் தலைக்குப் பின்னால் மெதுவாக வைத்துவிட்டு இறங்கினீர்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. நீங்கள் கோச் பக்கம் திரும்பவில்லை. அந்த ஆட்டம் உங்களுடையது.

மூன்றாவது ஆட்டத்துக்கு இடம் மாறும்போது, நல்ல சேதியை மச்சானிடமும் சொல்லலாம் என்று நீங்கள் நினைத்தீர்கள். அண்ணன் தோளில் கையைப் போட்டுக் காதில் சொன்னீர்கள். அவன் நின்றான். மேலே பார்த்தான். கையைக் கூப்பினான். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி இரண்டு பேரும் பழையபடி சாயங்காலம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் அண்ணனின் ஆட்டம் விழுந்துவிட்டது. ஒரு வருஷமாக அவனை நிமிர்த்திப் பிடித்திருந்தது எதுவோ, அது அந்த ஒரு வார்த்தையில் அவிழ்ந்துவிட்டது. முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. பந்து ஒன்று நெட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. ஒன்று உங்களுக்குப் பின்னால் விழுந்தது. ஒன்று அவன் விரலிலேயே வழுக்கியது. தவறவிட்டுவிட்டு 'பரவால்ல, பரவால்ல' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எதிர் அணி பத்துக்குப் போய்விட்டது. நீங்கள் நாலில் நின்றீர்கள். கோச் கத்தினார். அண்ணன் கோச்சைப் பார்த்தும் சிரித்தான்.

நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. கணக்குப் போடுகிற பார்வை. பிறகு பெண்கள் பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னீர்கள்:

"பந்து தூக்கத் தெரியாத ஊட்ல போயி பொண்ணெடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

சித்தி 'ஐயோ' என்றார். ஆனால் நீங்கள் திரும்பி நின்றபோது ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தீர்கள். அந்தக் கண்ணில் சிரிப்பு இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் முகம் கறுத்தது. அவனுக்கு வேலை பயம் போய்விட்டது. அந்த இடத்தில் நீங்கள் வேறொன்றை வைத்துவிட்டீர்கள். 'இன்னாடா சொன்ன' என்று உங்கள் சட்டையைப் பிடிக்க வந்தான். நடுவர் விசில் ஊதினார். நீங்கள், ஆமாம், உன் நைனாவையே கேள், அவரும் அதைத்தான் சொல்வார் என்று இன்னும் ஒரு விறகைப் போட்டுவிட்டு உங்கள் இடத்துக்குப் போய் நின்றீர்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, உங்கள் முகத்தில் எறிகிற கோபத்தில், நெட்டுக்கு மேலே அங்குலம் பிசகாமல் பந்தை வைத்தான். நீங்கள் சிரித்துக்கொண்டே அடித்தீர்கள். நீங்கள் சிரிக்கச் சிரிக்க அவனுக்குக் கோபம் ஏறியது. கோபம் ஏற ஏறப் பந்து நேராக வந்தது. ஒருவர் நெருப்பிலும் ஒருவர் நிழலிலும் நின்று ஆடிய அப்படி ஓர் ஆட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் பாயிண்ட். சர்வீஸ் கை மாறி மாறி, பாயிண்ட் ஏறாமல், பார்த்தவர்களுக்கே மூச்சு வாங்கியது. கடைசிப் பந்தை நீங்கள் தட்டிக்கூட விடவில்லை. அண்ணன் வைத்த உயரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, பலமாகவே அடித்தீர்கள். எதிர் அணி ஆள் கையைக்கூடத் தூக்கவில்லை.

ஜெயித்ததும் அண்ணன் உங்களைத் தேடித்தான் வந்தான், அடிக்க. நீங்கள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. "திட்னாதான்டா உனுக்குக் கை நிக்கிது. நான் இன்னா பண்றது?" என்றீர்கள். அவன் கொஞ்ச நேரம் திமிறிவிட்டு அழுதான். நானும் அழுதேன். சித்தி மட்டும், பெண்ணெடுத்த வீட்டைப் பற்றி அப்படிச் சொன்னது சொன்னதுதானே என்று வெகுநாள் உங்கள்மேல் மனத்தாங்கலாக இருந்தார்.

கோச் கூட்டம் கலைந்த பிறகு வந்தார். யார் சொன்னது என்று கேட்டார். அந்தக் குரலில் அதட்டல் இல்லை. நீங்கள் யார் பேரையும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்தது நீங்கள்தானே சார் என்று மட்டும் சொன்னீர்கள், அதையும் மரியாதையாக. அவர் நெட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். தன்னைப் பட்டாளத்தில் அப்படித்தான் ஆள் ஆக்கினார்கள், தனக்கு வேறு வழி தெரியாது என்றார். நீங்கள் சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"உங்க மருந்து என் மச்சானுக்குச் சரி சார். எனுக்கு ஒத்துக்கல. அவ்ளோதான்."

அன்று சாயங்காலம் சித்தி வீட்டில் நீங்கள் சாப்பிட்டது கண்ணுக்குள் நிற்கிறது. சோறு போடப் போடத் தின்றீர்கள். மனத்தாங்கலோடேயே சித்தி பரிமாறிக்கொண்டிருந்தார். தின்று முடித்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல், கூடத்துத் தரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டீர்கள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. வாய் திறந்து, கை காலை விரித்து, சின்னப் பிள்ளை மாதிரி. மாதக்கணக்கில் நீங்கள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

அதற்குப் பிறகு கோச் மாறினாரா என்றால், முழுதாக மாறவில்லை. ஆனால் புது ஆள் யாராவது வந்தால் உங்களைக் கூப்பிட்டு, இவன் எப்படி என்று கேட்பார். அவர் ஓய்வு பெற்றபோது அணியை உங்கள் கையில் கொடுத்தார்கள். எண்பதுகளில் அந்த மைதானத்தில் நீங்கள் ஆட்களைப் பழக்கிய விதத்தை நான் அதே வேலியோரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவனைத் திட்டுவீர்கள். ஒருவனை டீக்கடைக்குக் கூட்டிப் போவீர்கள். ஒருவனிடம் ஒரு வாரம் பேசவே மாட்டீர்கள், அவன் தானாக வந்து கேட்கும்வரை. எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கக் கூடாதா, பாரபட்சம் என்று சொல்ல மாட்டார்களா என்று கேட்டேன். எல்லாருக்கும் ஒரே சைஸ் ஷூவா வாங்குகிறோம் என்றீர்கள். வேலைச் சங்கதி, சம்பளச் சங்கதி எதுவாக இருந்தாலும் ஆபீஸில் தெரிந்த அன்றைக்கே ஆட்களிடம் சொல்லிவிடுவீர்கள். அதில் மட்டும் ஆள் பார்க்க மாட்டீர்கள். அண்ணனைப் போல ஒருவன் அதைக் கேட்டுத் தளர்ந்து போனால், அவனை நிமிர்த்துவது என் பாடு என்பீர்கள்.

நானும் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனேன். பரீட்சைத் தாள் திருத்தி முடித்த கையோடு, பாஸ் ஆன பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். எல்லாருக்கும் ஒன்றாகச் சொல்ல வேண்டும், அதுதான் ஒழுங்கு என்று ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் பலமுறை கோபித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. பயந்துகொண்டு ஒரு பிள்ளை ஒரு நாள் அதிகமாக உட்கார்ந்திருப்பதால் யாருக்கு என்ன லாபம்?

நேற்று அந்தப் பெண்ணிடம், உன் கோச்சிடம் நேராகப் போய், எனக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று சொல், அது குறை இல்லை என்றேன். கேட்பாரா ஆன்ட்டி என்றாள். ஒருவர் கேட்டார், எனக்குத் தெரியும் என்றேன்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தது கடைசியில் ஒன்றைச் சொல்லத்தான். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களில், நம் சின்னவளுக்கு மார்பில் ஒரு கட்டி என்று சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். உங்களுக்குச் சிறுநீரகம் நின்றுபோய், பாதி நினைவும் பாதி மயக்கமுமாகக் கிடந்தீர்கள். நினைவு வரும்போதெல்லாம் உதட்டை அசைத்து அவளைப் பற்றித்தான் கேட்டீர்கள். அன்றைக்கு மத்தியானம் அவள் போன் பண்ணினாள். ஒன்றும் இல்லை, சாதாரணக் கட்டிதான் என்று. பெரியவன் வராந்தாவில் நின்று யோசித்தான். அப்பா களைத்திருக்கிறார், இப்போது எழுப்ப வேண்டாம், நாளைக்குக் காலையில் தெளிவாக இருக்கும்போது சொல்லலாம் என்றான். நர்ஸும் அதுதான் நல்லது என்றார். அவர்கள் சொன்னது நியாயம்தான்.

நான் அவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்தேன். உங்கள் தோளைத் தொட்டு எழுப்பினேன். சின்னவளுக்கு ஒண்ணும் இல்லியாம் என்று காதில் சொன்னேன். நீங்கள் கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தீர்கள்.

"எப்ப சொன்னாங்க?" என்றீர்கள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

"இப்பதான். கேட்டதும் ஓடியாந்தேன்."

உங்கள் தோள் தலையணையில் இறங்கியது. வாயின் ஒரு ஓரம் மேலே போயிற்று. அது சிரிப்புதான். எனக்குத் தெரியாத சிரிப்பா அது? பிறகு தூங்கினீர்கள். விடியும்போது நீங்கள் இல்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று நான் காத்திருக்கவில்லை. அந்த ஆறுதலோடுதான் இன்றைக்கும் எழுந்திருக்கிறேன்.